எட்டுப் படகும் ஒன்பதாவது படகும்

அன்புள்ள ஐயா,

கோவையில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். பழைய இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினிக்கு இன்றைய பிசியிலேயே புரோகிராம் எழுத உதவும் மென்பொருள்களை மூன்று மாதமாகச் சோதித்து வருகிறேன். அசெம்பிளிக்கு, அதாவது சிப்புக்கு நேரடியாகக் கட்டளை எழுதும் மொழிக்கு, பாஸ்மோ, எஸ்ஜாஸ்ம்பிளஸ். சி மொழிக்கு இசட்88டிகே. ஒரே சின்ன விளையாட்டை மூன்றிலும் எழுதினேன். பிசியிலேயே ஸ்பெக்ட்ரம் போல நடிக்கும் எமுலேட்டரில் மூன்றும் பிசகில்லாமல் ஓடின. நண்பரிடம் அசல் ஸ்பெக்ட்ரம் ஒன்று இருக்கிறது. அதில் எஸ்ஜாஸ்ம்பிளஸில் எழுதியது மட்டும் எப்போதாவது திடீரென்று திரையெல்லாம் குப்பையாகி நின்றுவிடுகிறது. நாற்பது வருடப் பழைய மெஷின், மெமரி போயிருக்கும் என்கிறார் நண்பர். எனக்கும் அப்படித்தான் படுகிறது. இந்த மூன்றில் எதைத் தொடரலாம்? பிசியில் எழுதி அதில் ஓட்டுவது ஏமாற்று வேலையா? தமிழ் எழுத்தை அந்தத் திரையில் கொண்டுவர முடியுமா? நான் எழுதிய புரோகிராமை இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகர்

*

அன்புள்ள தம்பி,

எளிய கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். ஏமாற்று வேலையெல்லாம் இல்லை. 1983இல் மேத்யூ ஸ்மித் 'மேனிக் மைனர்' விளையாட்டை ஸ்பெக்ட்ரமில் உட்கார்ந்து எழுதவில்லை. டிஆர்எஸ்-80 என்ற வேறொரு கணினியில் எழுதித்தான் ஸ்பெக்ட்ரமுக்கு அனுப்பினார். பெரிய மெஷினில் எழுதிச் சின்ன மெஷினில் ஓட்டுவது அந்தக் காலத்திலேயே உள்ள வழக்கம். தமிழ் எழுத்து முடியும். நாமாக வரைந்துகொள்ள 21 எழுத்துகளுக்கு இடம் தருகிறது ஸ்பெக்ட்ரம், ஒவ்வொன்றும் எட்டுக்கு எட்டுப் புள்ளி. 'ண' அதற்குள் அடங்காது, இரண்டு கட்டம் வேண்டும். அதைப் பற்றி வேறொரு நாள். எதைத் தொடரலாம் என்றால், மூன்றும் நல்லவை, கைக்கு எது வருகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறைத்தது "மெமரி போயிருக்கும்" என்ற ஒரு வரிதான். அதைப் படித்துவிட்டு இரவு வெகுநேரம் தூங்கவில்லை. இரண்டு மாதமாக நான் அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

தூத்துக்குடியில் என் மாமா 1987இல் ஒரு டிபி ஸ்பெக்ட்ரம் பிளஸ் வாங்கினார். சின்கிளேரிடம் உரிமம் பெற்று டெசிபெல்ஸ் நிறுவனம் இந்தியாவில் கொண்டுவந்த மாடல் அது. மாமா வாங்கியது தனக்காக அல்ல, எனக்காக. டிவியோடு இணைத்து, பக்கத்தில் கேசட் டேப் ரெக்கார்டரை வைத்து, வால்யூம் குமிழை ஒரு முடி அளவு இப்படியும் அப்படியும் திருப்பி, திரையின் ஓரத்தில் சிவப்பும் வெளிர்நீலமுமாகக் கோடுகள் ஓடத் தொடங்கினால் மூச்சு விடுவோம். அப்புறம் நீலமும் மஞ்சளும் வரும். வந்துகொண்டே இருக்க வேண்டும். பாதியில் நின்றால் முதலிலிருந்து.

கட்டளைகளை எண்களாக மாற்றித்தரும் அசெம்பிளர் மென்பொருளை வாங்கக் காசில்லை. ஸ்பெக்ட்ரமின் இசட்80 சிப்புக்கான கட்டளைகளை நோட்டில் எழுதி, பக்கத்தில் அதற்குரிய எண்ணை எழுதி, அந்த எண்களை பேசிக் மொழியில் டேட்டா வரிகளாக அடித்து, ஒவ்வொன்றாக மெமரியில் போடுவேன். ஒன்பதாம் வகுப்பில் நான் எழுதிய விளையாட்டில் எட்டு மீன்பிடிப் படகுகள். ஒரு படகுக்கு எட்டு பைட், மொத்தம் 64 பைட். அதற்கு அடுத்த பைட்டில் படகுகளின் எண்ணிக்கையை வைத்தேன், 8 என்று. அட்டவணையின் தலையை, அது தொடங்கும் முகவரியை, ஐஒய் ரிஜிஸ்டரில் வைத்துக்கொண்டேன். ரிஜிஸ்டர் என்பது சிப்புக்குள்ளேயே எண் வைக்கும் ஒரு சின்ன இடம். நோட்டில் அந்த வரி இன்னும் இருக்கிறது: 253, 33, அப்புறம் முகவரிக்கு இரண்டு எண்கள். பேசிக்குக்குத் திரும்பும்போது ஐஒய்யைப் பழைய மதிப்பில் வைக்க வேண்டும் என்று எங்கோ படித்திருந்தேன். ஒழுங்காக வைத்தேன்.

விளையாட்டு நன்றாக ஓடியது. ஆனால் சில நாள் திடீரென்று திரையின் நடுவில் கன்னாபின்னாவென்று புள்ளிகள் தெறித்து எல்லாம் நின்றுவிடும். அணைத்துப் போட்டு மறுபடி லோடு செய்தால் சரியாகிவிடும். சூடாகிறது என்றார் மாமா. மின்விசிறியைப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தோம். மதியத்தில் போடாமல் இரவில் போட்டுப் பார்த்தோம். கடைசியில் ரேடியோ ரிப்பேர் செய்யும் ஒருவரிடம் கொடுத்தோம். ஒரு வாரம் வைத்திருந்துவிட்டு, நாங்கள் சொன்ன கதையைத் திருப்பி எங்களிடமே சொன்னார். கொஞ்ச நேரம் ஓடிவிட்டு நிற்கிறது என்றால் மெமரி சிப் போய்விட்டது, மாற்று கிடைக்காது. மாமா அதைக் கால் விலைக்கு விற்றார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாங்கியவர் அதை எடுத்துக்கொண்டு போனபோது நான் மாடியில் இருந்தேன்.

இந்த வருடம் அந்த நோட்டு கையில் அகப்பட்டது. நீங்கள் சோதித்த அதே எஸ்ஜாஸ்ம்பிளஸில், எண்களைத் திருப்பிக் கட்டளைகளாக மாற்றி, முழுவதையும் தட்டெழுதினேன். எமுலேட்டரில் ஓட்டினேன். எட்டுப் படகும் அப்படியே வந்தன. ஒரு வாரம் தினமும் ஓட்டினேன், ஒரு கோளாறும் இல்லை. ஒரு நாள் ஓடவிட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் திரையின் நடுவில் அதே புள்ளிகள், 1989இல் பார்த்த அதே குப்பை. பிசியில் எந்த மெமரி சிப் போகும்?

படகு எண்ணிக்கை இருக்கும் பைட்டில் யாராவது எழுதினால் உடனே நில் என்று, பிழை தேடும் கருவியான டீபக்கரில் சொல்லிவைத்துவிட்டுக் காத்திருந்தேன். 22 நிமிடம் ஆகப்போகும் நேரத்தில் நின்றது. நின்ற இடம் என் புரோகிராமிலேயே இல்லை. ஸ்பெக்ட்ரமின் சொந்த ரோமில், அதாவது மெஷினோடு வரும் மாற்ற முடியாத மென்பொருளில், 69ஆவது முகவரியில். அங்கே மூன்று பைட்கள்: 253, 52, 64. ஐஒய்யிலிருந்து 64ஆவது இடத்தில் இருப்பதோடு ஒன்றைக் கூட்டு.

ரோமை எழுதியவர்கள் ஐஒய்யைத் தங்களுக்கென்று எடுத்துக்கொண்டிருந்தார்கள். அது எப்போதும் 23610ஆவது முகவரியைக் காட்டிக்கொண்டிருக்க வேண்டும், மெஷின் தன் சொந்தக் கணக்குகளை வைத்திருக்கும் சிஸ்டம் வேரியபிள்களின் நடுவே. அங்கிருந்து கை நீட்டினால் எல்லாம் எட்டும், கட்டளை நீளமும் குறையும். 16 கே ரோமில் ஒரு பைட் மிச்சம் பிடிப்பது பெரிய விஷயம். நொடிக்கு 50 முறை இன்டரப்ட் வருகிறது, அதாவது ஓடும் புரோகிராமை ஒரு கணம் நிறுத்திவிட்டு ரோம் தன் வேலையைச் செய்கிறது. ஒவ்வொரு முறையும் 23672இல் இருக்கும் ஃப்ரேம்ஸ் என்ற எண்ணியில் (கவுண்டரில்) ஒன்று ஏறும். இரண்டு பைட் நிரம்பி 65,536 ஆனதும் மூன்றாவது பைட்டில் ஒன்றைக் கூட்ட வேண்டும். அந்த மூன்றாவது பைட் 23610க்கு 64 தள்ளி இருக்கிறது. 65,536ஐ 50ஆல் வகுத்துப் பாருங்கள்: 1,311 நொடி, 22 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. நான் ஐஒய்யை என் படகுகளிடம் கொண்டுபோய் வைத்துக்கொண்டு, அடுத்த இன்டரப்ட் வரை நிற்கும் ஹால்ட் கட்டளையில் காத்திருந்தேன். ரோம் அதை அறியாமல் வழக்கம்போல் 64 தள்ளி ஒன்றைக் கூட்டியது. என் எட்டு ஒன்பதானது. இல்லாத ஒன்பதாவது படகை என் புரோகிராம் வரையப் போனது.

(சாவியை அழுத்தும்போதும் ரோம் ஐஒய்க்கு அடுத்த பைட்டில் ஒரு பிட்டை ஏற்றிவிடும். முதல் படகின் அந்த பிட்டை நான் பயன்படுத்தவில்லை, அதனால் தெரியாமல் போயிற்று. பயன்படுத்தியிருந்தால் முதல் நாளே மாட்டியிருப்பேன்.)

மாமாவுக்கு இப்போது 78 வயது. போன் போட்டுச் சொன்னேன். ஐஒய்யும் இன்டரப்டும் அவருக்குப் புரிந்திருக்காது. முழுக்கக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அப்போ மிஷின் நல்லாத்தான் இருந்துச்சா?" நல்லாத்தான் இருந்துச்சு மாமா என்றேன்.

இப்போது உங்கள் புரோகிராமுக்கு வருகிறேன். திறந்தவுடனேயே கண்ணில் பட்டது. பந்து, மட்டை, செங்கல் எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் வைத்து அதன் தலையை ஐஒய்யில் ஏற்றியிருக்கிறீர்கள். இன்டரப்டையும் நிறுத்தவில்லை. அப்புறம் மெமரி போய்விட்டது என்று எழுதுகிறீர்கள். தம்பி, எனக்குக் கோபம் வருகிறது. பதினான்கு வயதில் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்திருந்தவனுக்கு அது தெரியவில்லை, சரி. உங்களிடம் விஎஸ் கோடு எடிட்டர் இருக்கிறது. அதில் டீஸாக் என்ற டீபக்கரை இணைத்து ஒவ்வொரு ரிஜிஸ்டரையும் வரிவரியாகப் பார்க்கலாம். ரோம் முழுவதும் விளக்கத்தோடு படிக்கக் கிடைக்கிறது. இவ்வளவையும் வைத்துக்கொண்டு, வாய் பேசாத ஒரு மெஷின் மீது பழி போடுகிறீர்களே.

மூன்று மாதம் சோதித்தேன் என்கிறீர்கள். எப்படிச் சோதித்தீர்கள் என்று என்னால் சொல்ல முடியும், ஏனென்றால் நானும் அந்த ஒரு வாரம் அப்படித்தான் செய்தேன். ஒரு வரி மாற்றுவது, எஃப்5 அழுத்துவது, புரோகிராமோடு சேர்ந்த மெமரி நகலான ஸ்னாப்ஷாட் கண்மூடித் திறப்பதற்குள் மெமரிக்குள் போய்விடும், அரை நிமிடம் பார்ப்பது, மறுபடி ஒரு வரி. ஒவ்வொரு அழுத்தலிலும் அப்போதுதான் பிறந்த ஒரு ஸ்பெக்ட்ரம் உங்கள் முன்னால் நிற்கிறது. ஃப்ரேம்ஸ் எண்ணி அதே இடத்திலிருந்துதான் தொடங்கும். அந்த ஸ்பெக்ட்ரமுக்கு ஆயுள் அரை நிமிடம். 22 நிமிடம் வாழ அதை நீங்கள் விட்டதே இல்லை. உங்கள் நண்பர் வீட்டு மெஷின் அப்படியா? சாயங்காலமே போட்டிருப்பார், ஏதோ டைப் செய்திருப்பார், வேறொரு விளையாட்டை லோடு செய்ய முயன்றிருப்பார், அப்புறம் உங்களுடையது. எண்ணி எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் "எப்போதாவது" என்று உங்களுக்குத் தோன்றுகிறது. எமுலேட்டர் பொய் சொல்லவில்லை. அதே பிழையை அதுவும் காட்டியிருக்கும், நீங்கள் ஒரு காப்பி குடித்துவிட்டு வரும் வரை அதை விட்டுவைத்திருந்தால்.

சி மொழியில் எழுதியதற்கு இது வராது என்றும் நினைக்காதீர்கள். இசட்88டிகேயில் எஸ்டிசிசி என்ற கம்பைலருக்கு ஐஎக்ஸ் (ஐஒய் போன்ற இன்னொரு ரிஜிஸ்டர்), ஐஒய் என்று பெயரிலேயே பிரித்து இரண்டு நூலகங்கள் வைத்திருப்பது சும்மா இல்லை. நீங்கள் எதைத் தேர்ந்தீர்கள் என்று உங்கள் கம்பைல் வரியைப் பாருங்கள்.

அட்டவணையை ஐஎக்ஸுக்கு மாற்றுங்கள். அதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். நண்பர் வீட்டுக்குப் போய், எமுலேட்டரில் அல்ல, அந்த மெஷினில், பழைய புரோகிராமையே டேப்பிலிருந்து லோடு செய்யுங்கள். பாஸ்மோவில் அதற்கு டேப் ஃபைலை பேசிக் லோடரோடு உண்டாக்கும் வசதி இருக்கிறது, எஸ்ஜாஸ்ம்பிளஸிலும் டேப்பாகச் சேமிக்கலாம். லோடர் தானாக ஓடாமல், லோடானதும் பேசிக்கில் நிற்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே போக் 23673,255 என்று (அந்த முகவரியில் அந்த எண்ணைப் போடு என்று பொருள்) அடித்து, அதே வரியிலேயே உங்கள் விளையாட்டைத் தொடங்கும் கட்டளையையும் சேர்த்து, ஒன்றாக ஓட்டுங்கள். எண்ணியின் மேல் பைட்டை அது உச்சிக்கு ஏற்றிவிடும், நிரம்ப அதிகபட்சம் 256 இன்டரப்ட்தான் பாக்கி. ஐந்து நொடி. உங்கள் நண்பரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள், மெமரி போய்விட்டது என்று சொன்னவர் அவர்தானே. என்ன ஆனது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்