பதில்: 11 மாதப் பையன் பாட்டியிடம் இருக்க மறுக்கிறான், இன்னும் நடக்கவும் இல்லை

நடையை முதலில் முடித்துவிடலாம். உலக சுகாதார நிறுவனத்தின் அளவீட்டில் பிடிக்காமல் தனியாக நடப்பது ஏறத்தாழ 8 முதல் 18 மாதம் வரை எப்போது வேண்டுமானாலும் வரலாம். பிடித்துக்கொண்டு நிற்கிறான் என்கிறீர்கள், போதும். வாக்கர் மட்டும் வேண்டாம்; அது நடையைச் சீக்கிரம் கொண்டுவராது, விழும் ஆபத்துதான் அதிகம்.

அழுகைக்குக் காரணம் பாட்டி அல்ல. கண்ணில் படாவிட்டாலும் அம்மா எங்கோ இருக்கிறாள் என்று இப்போது அவனுக்குத் தெரியும். எப்போது வருவாள் என்பதுதான் தெரியாது. அதனால்தான், அவன் விளையாடும்போது நைசாக நழுவுவது நிலைமையைக் கெடுக்கிறது. அடுத்த முறை நீங்கள் குளிக்கப் போனாலும் காலைக் கட்டிக்கொள்வான்.

வேலைக்குப் போக இன்னும் இரண்டு வாரம் இருக்கிறதே, இன்றே தொடங்குங்கள். தூங்கி எழுந்து, வயிறு நிறைந்த நேரமாகப் பாருங்கள். முதல் அரை மணி மூவரும் சேர்ந்து விளையாடுங்கள். பிறகு ஒரு முத்தம், "அம்மா போயிட்டு வரேன்", டாட்டா, உடனே கிளம்புங்கள். அழுகிறான் என்று வாசலிலிருந்து திரும்பினால், அழுதால் அம்மா திரும்புவாள் என்று கற்றுக்கொள்வான். முதலில் 5 நிமிடம், அடுத்து 15, பிறகு அரை மணி, கடைசி நாட்களில் அரை நாள்.

பெயர் சொன்னால் திரும்பாமல் இருந்தாலோ, கற்ற சொல்லையோ செயலையோ விட்டுவிட்டாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.