எஸ்டேட் பிளானிங் வக்கீல் லோக்கலா இருக்கணுமா, ஃபீஸ் ஏன் ஆளுக்கு ஆள் மாறுது?

அமெரிக்காவுல எஸ்டேட் பிளானிங்னா, நமக்கப்புறம் சொத்து யாருக்குப் போகணும், நாம படுத்த படுக்கையா ஆயிட்டா யார் முடிவெடுக்கணும்னு இப்பவே எழுதி வைக்கிறது. லோக்கல் வக்கீல் ஏன்னா உயில் சட்டம் ஸ்டேட்டுக்கு ஸ்டேட் மாறும், கலிஃபோர்னியாவுல கைப்பட எழுதின உயில் சாட்சி இல்லாமலே செல்லும், அதையே ஃப்ளோரிடாவுல நீட்டினா வெறும் பேப்பர்தான், அங்க 2 சாட்சி கையெழுத்து கட்டாயம்.

ஃபீஸ் ஒண்ணு மொத்தமா பேசுவாங்க, இல்ல மணிக்கணக்கு. வீடு கட்ட கான்ட்ராக்ட் விடுற மாதிரிதான், எதெல்லாம் அதுல சேரும்னு முதல்லயே எழுதி வாங்கிடுங்க. முக்கியமா டிரஸ்ட் (சொத்தை ஒருத்தர் பொறுப்புல வச்சு, நாம சொல்ற ஆளுங்களுக்குப் போய்ச் சேர வைக்கிற ஏற்பாடு) போட்டா வீட்டுப் பத்திரத்தை டிரஸ்ட் பேருக்கு மாத்துற வேலையும் சேருமான்னு கண்டிப்பா கேளுங்க, மாத்தாம விட்டா இவ்ளோ செலவு பண்ணியும் வீடு டிரஸ்ட்டுக்குள்ள வராமலே போயிடலாம்.

அப்புறம், உயில் இருந்தா கோர்ட்டுக்கே போக வேணாம்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அப்படி இல்லங்க, உயிலும் பெரும்பாலும் புரோபேட் கோர்ட் (உயில் செல்லுமான்னு பார்த்து, சொத்து பிரிக்கிறதை மேற்பார்வை பண்ற கோர்ட்) வழியாத்தான் போகும்.