மதுரை வீட்டுப் பிளானையே கடலோரத் தொண்டியில் கட்டலாமா? ஏசி அதிகம் ஓடாமல் கரண்ட் பில் குறைய என்ன வழி?

கட்டலாம். ஆனால் ஜன்னலையும் கூரையையும் மாற்றாமல் கட்டாதீர்கள். மதுரையில் வீட்டுக்குப் பிளான் போட்டுக் கொடுப்பது என் தொழில். கடற்கரைப் பக்கம் கட்டப்போகிறவர்கள் முதலில் கேட்பது, "சுவரைக் கனமா வச்சா வீடு குளுகுளுன்னு இருக்குமா சார்?" என்பதுதான்.

மாசி வீதிப் பக்கத்துப் பழைய வீடுகளில் அது சரி. பகல் வெயிலைக் கனத்த சுவர் வாங்கிவைத்து, ராத்திரி வெக்கை தணிந்ததும் விடும். கடலோரத்தில் ராத்திரியும் அவ்வளவாகத் தணியாது. காற்றில் ஈரம் வேறு. வியர்வை காயாமல் 32 டிகிரியிலேயே உடம்பு கசகசக்கும். காற்று மேலே பட்டால்தான் காயும். இங்கே சித்திரை வெயிலுக்கு உதவுகிற ஏர் கூலரை அங்கே கொண்டுபோகாதீர்கள், இருக்கிற ஈரத்தைக் கூட்டும்.

அதனால் காசை ஜன்னலில் போடுங்கள். வீடுகளில் மின்சாரத்தை மிச்சப்படுத்த மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' விதிகளின்படி, வெப்பமும் ஈரமும் உள்ள பகுதியில் திறக்கக்கூடிய ஜன்னல் பரப்பு, வீட்டின் கார்ப்பெட் ஏரியாவில் (சுவர் போக உள்ளே கிடைக்கும் தரைப்பரப்பு) குறைந்தது 16.66 சதவீதம் இருக்க வேண்டும். வறண்ட வெப்பப் பகுதிக்கு 10 போதும். 900 சதுர அடி என்றால் உங்களுக்கு 150 சதுர அடி.

இந்தக் கணக்கைக் கெடுப்பது ஸ்லைடிங் ஜன்னல். ஐந்துக்கு நாலு போட்டால் 20 சதுர அடி என்பார்கள். ஒரு கண்ணாடி இன்னொன்றின் பின்னால்தானே போகும்? காற்று வருவது 10 சதுர அடியில்தான். கொசுவலை அதிலும் குறைக்கும். கீல் வைத்த கதவு ஜன்னல் கிட்டத்தட்ட முழுசும் திறக்கும், அதையே கேட்டு வாங்குங்கள். உப்புக்காற்றுக்கு இரும்புக் கீல் தாங்காது, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடுங்கள்.

ஒரே சுவரில் ரெண்டு ஜன்னல் வைத்துப் பயனில்லை. மதியம் கடற்காற்று கிழக்கிலிருந்து வரும், ஆனி ஆடியில் கச்சான் காற்று மேற்கிலிருந்து அடிக்கும். எதிரெதிரே திறப்பு வேண்டும். இடமில்லையென்றால் அறைக்கதவுக்கு மேலாவது வென்டிலேட்டர் வையுங்கள்.

தரைத்தளம் மட்டும் உள்ள வீட்டுக்குக் கூரைதான் பெரிய அடுப்பு. வெதரிங் கோர்ஸுக்கு (கூரை கான்கிரீட்டின் மேல் போடும் காப்பு அடுக்கு) மேல் வெள்ளை டைல்ஸ் ஒட்டுங்கள். செலவு மிச்சம் என்று அதை மட்டும் விடாதீர்கள். வடக்குச் சுவருக்கு சன்ஷேடு வேண்டாம் என்று மேஸ்திரி சொல்லுவார், கேட்காதீர்கள். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சி வெயில் நமக்கு வடக்குப் பக்கமிருந்துதான் சாய்ந்து விழும். மேற்கில் குளியலறை, மாடிப்படி வந்தால் சாயங்கால வெயிலிலிருந்து படுக்கையறை தப்பும்.

ஃபேன் பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி மோட்டார் உள்ளது) வாங்குங்கள். சாதாரண ஃபேன் 75 வாட் இழுக்கும், இது 30 வாட்தான். அங்கே ராப்பகலாக ஓடும்.

மனை எந்தத் திசை பார்த்தது, பக்கத்து வீடு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று கீழே எழுதுங்கள், எந்த ஜன்னல் எங்கே வரலாம் என்று சொல்கிறேன்.