பாபநாசம் மாதிரியில் இரண்டாவது வீட்டுக்கு விளக்கு

கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு தாயாரின் கேள்வி: "ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள், பள்ளிக் கண்காட்சிக்குப் பாபநாசம் மின் நிலையத்தின் மாதிரியைச் செய்கிறாள். இரண்டு டார்ச் செல், 2.5 வோல்ட் பல்பு. ஒரு வீட்டுக்குப் போட்டால் பளிச்சென்று எரிகிறது; வரிசையில் அடுத்த வீட்டுக்கும் போட்டால் இரண்டும் மங்கிவிடுகின்றன. முதல் பல்பே மின்சாரத்தைத் தின்றுவிடுகிறதா? 9 வோல்ட் பேட்டரியில் சிவப்பு எல்இடியை இணைத்தோம். ஒரு முறை மின்னி அணைந்துவிட்டது. வீட்டு பிளக்கிலிருந்து கொடுத்துவிடலாமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன்: பிளக் வேண்டவே வேண்டாம். அதில் வருவது 230 வோல்ட். உங்கள் இரண்டு செல்லும் சேர்ந்து தருவது 3 வோல்ட். செல்லின் ஒயரைக் குழந்தை வெறுங்கையால் பிடித்தாலும் ஒன்றும் ஆகாது. பிளக்கில் அதே காரியம் உயிரைப் பறிக்கும். அதிலும் இது அணை மாதிரி. பக்கத்தில் தண்ணீர் இருக்கும், சுற்றிலும் தெர்மாகோலும் காகிதமும் இருக்கும். யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

இனி மங்கலுக்கு வருவோம். முதல் பல்பு தின்றுவிடுகிறது என்றால், அது பளிச்சென்று எரிந்து இரண்டாவது மட்டும்தானே மங்க வேண்டும்? ஒரே வகைப் பல்புகளாக இருந்தால் இரண்டும் ஒரே அளவில்தான் மங்கும். மகளை இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றும் மாறாது. பெரியவர்களிடமும் வேரூன்றியிருக்கும் ஒரு தவறான எண்ணம் இந்த ஒரு சோதனையில் கழன்றுவிடும் என்பதால், இதைக் கண்காட்சி மேசையிலேயே அவள் செய்து காட்டலாம்.

விளக்கம் அவளுடைய மாதிரிக்குள்ளேயே இருக்கிறது. 1944 முதல் பாபநாசத்தில் மின்சாரம் எடுக்கிறார்கள். அதனால் தாமிரபரணித் தண்ணீர் குறைந்தா போயிற்று? உயரத்திலிருந்து விழும் வேகத்தைச் சுழலியிடம் கொடுத்துவிட்டு, அதே தண்ணீர்தான் கீழே இறங்கிக் கன்னடியன் கால்வாயில் பாய்ந்து உங்கள் ஊர் வயலை நனைக்கிறது. மின்னோட்டமும் அப்படித்தான். செல்லின் ஒரு முனையிலிருந்து எவ்வளவு புறப்படுகிறதோ, அவ்வளவும் மறுமுனைக்குத் திரும்புகிறது. பல்பு எடுத்துக்கொள்வது ஆற்றலை மட்டுமே. விழும் உயரத்துக்கு ஈடாக இங்கே இருப்பது மின்னழுத்தம். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பல்பைக் கோத்தால் 3 வோல்ட்டை இரண்டும் பங்கிட்டு, ஆளுக்கு 1.5 வோல்ட்டில் நின்றுவிடுகின்றன. 2.5 வோல்ட் வேண்டிய இழைக்கு அது போதாது. வெறுமனே சிவந்து கிடக்கும். பாடநூல் இதைத் தொடர் இணைப்பு என்கிறது.

உங்களுக்கு வேண்டியது பக்க இணைப்பு. செல்லின் நேர்முனையிலிருந்து இரண்டு வீட்டுக்கும் தனித்தனி ஒயர். இரண்டு வீட்டிலிருந்தும் எதிர்முனைக்குத் தனித்தனி ஒயர். ஒவ்வொரு பல்புக்கும் முழு 3 வோல்ட் கிடைக்கும். ஒன்றைக் கழற்றினாலும் மற்றது எரியும். நம் வீடுகளில் ஒயரிங் இப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. அடுப்படி விளக்கை அணைத்தால் கூடத்து மின்விசிறி நிற்பதில்லையே.

இதற்கு ஒரு விலை உண்டு. இந்த வகை டார்ச் பல்பு ஏறக்குறைய 0.3 ஆம்பியர் இழுக்கும். பக்க இணைப்பில் இரண்டுக்கும் 0.6 ஆம்பியரை அந்தச் செல்களே தர வேண்டும். நாள் முழுவதும் தாங்காது. ஒரு ஸ்விட்ச் வையுங்கள், பார்வையாளர் வரும்போது மட்டும் போடட்டும்.

அல்லது எல்இடிக்கே திரும்பலாம், அதற்கு 0.02 ஆம்பியர் போதும். உங்களுடையது கருகியதற்குக் காரணம், பேட்டரிக்கும் அதற்கும் இடையில் மின்தடை (ரெசிஸ்டர்) எதுவும் இல்லாததுதான். சிவப்பு எல்இடி சுமார் 2 வோல்ட்டை வைத்துக்கொள்ளும். மீதி 7 வோல்ட்டைத் தாங்க ஒரு மின்தடை வேண்டும். ஓம் விதிப்படி 7-ஐ 0.02-ஆல் வகுத்தால் 350 ஓம். கொஞ்சம் கூடுதலாகவே இருக்கட்டும், கடையில் 470 ஓம் ரெசிஸ்டர் கேளுங்கள். மஞ்சள், ஊதா, பழுப்பு வளையங்கள் இருக்கும். வெளிச்சம் சற்றே குறையும், எல்இடி பிழைத்துக்கொள்ளும். ஒவ்வொரு எல்இடிக்கும் தனி ரெசிஸ்டர். நீளமான கால் நேர்முனைப் பக்கம். மாற்றிப் போட்டால் எரியாது.

எல்லாம் சரியாக இருந்தும் எரியவில்லை என்றால் பேட்டரியைக் குறை சொல்லும் முன், நேர்முனையில் விரலை வைத்து ஒயர் வழியே எதிர்முனை வரை மகளைத் தொடர்ந்து போகச் சொல்லுங்கள். விரல் எங்கே தடைபடுகிறதோ அங்கேதான் கோளாறு. பெரும்பாலும் ஒயரின் பிளாஸ்டிக் உறை சரியாகச் சீவப்பட்டிருக்காது, அல்லது ஹோல்டரில் பல்பின் அடிமுனை படாமல் நிற்கும். எந்தப் பல்பின் வழியாகவும் போகாமல் நேர்முனையிலிருந்து நேராக எதிர்முனைக்கு வந்துவிடும் வழி ஏதும் இருந்தால் அதை உடனே பிரித்துவிடுங்கள். அதுதான் ஷார்ட் சர்க்யூட். செல்லும் ஒயரும் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகிவிடும்.