மான் வேட்டையில மரத்து மேல உக்காரணுமா, நிக்கணுமா? (மருத்துவர் பதில்)

கேள்வி: டாக்டர், எனக்கு 52 வயசு. மிச்சிகன்ல கிராண்ட் ராப்பிட்ஸ் பக்கம் இருக்கோம். ஆபீஸ் நண்பர் ஒருத்தர் கூட்டிட்டுப் போய் நாலு வருஷமா வில்லு வச்சு மான் வேட்டைக்குப் போறேன், லைசென்ஸ் எல்லாம் உண்டு. 18 அடி உயரத்துல ட்ரீ ஸ்டாண்ட் (மரத்துல கட்டுற, சீட்டு வச்ச சின்னத் தட்டு) மாட்டி அதுல காலைல மூணு நாலு மணி நேரம் அசையாம உக்காந்திருப்பேன். போன நவம்பர்ல பெரிய கொம்போட ஒரு ஆண் மான் வந்துச்சு, வில்லை எடுத்துக்கிட்டு டக்குனு எந்திரிச்சேன், கண்ணு இருட்டிக்கிட்டு வந்துருச்சு, மரத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டேன். மான் போயிருச்சு. வில்லுக்காரன் ஆரம்பத்துலேர்ந்தே நின்னுக்கிட்டுத்தான் இருக்கணும்னு நண்பர் சொல்றார். கால்ல நரம்பு சுருட்டல் இருக்கு, ரொம்ப நேரம் நின்னா கடுக்குது. பி.பி.க்கு அம்லோடிபின் 5, ஹைட்ரோகுளோரோதையசைடு 12.5 ரெண்டும் காலைல எடுக்குறேன். போன அக்டோபர்லேர்ந்து யூரின் சரியா போகலன்னு ராத்திரி டாம்சுலோசினும் குடுத்திருக்காங்க. நிக்கலாமா, உக்காரலாமா?

பதில்:

நீங்க எழுதுனதுல ஒரு விஷயம் இல்ல, அதான் எனக்கு முதல்ல கவலையா இருந்துச்சு. அன்னைக்கு உடம்பு பூரா மாட்டுற ஹார்னஸ் (விழாம பிடிச்சுக்குற பாதுகாப்பு வார்) போட்டிருந்தீங்களா, அது மரத்தோட கட்டியிருந்துச்சா? போட்டிருந்தீங்கன்னா நல்லது, போடலன்னா அன்னைக்கு நீங்க மரத்தைப் பிடிச்ச அந்த ஒரு செகண்டுதான் உங்களைக் காப்பாத்தியிருக்கு. 18 அடிலேர்ந்து விழுந்தவங்களை ஆஸ்பத்திரியில பாத்தவன் நான், பெரும்பாலும் நெஞ்சுக்கும் இடுப்புக்கும் நடுவுல முதுகெலும்பு நொறுங்கியிருக்கும், குதிகால் எலும்பு உடைஞ்சிருக்கும், அதுக்கப்புறம் அவங்க நடக்குறதே பெரிய விஷயம். அதனால இந்த பதில்ல வேட்டை பத்தி நான் சொல்றது எல்லாமே ரெண்டாவது, உங்க மயக்கம்தான் முதல்.

உங்களுக்கு அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்றேன். நாம எந்திரிச்சு நின்னா அரை லிட்டர்லேர்ந்து முக்கால் லிட்டர் வரைக்கும் ரத்தம் வயித்துக்கும் காலுக்கும் இறங்கிடும். நல்லா இருக்குற உடம்பு ரத்தக் குழாயை இறுக்கி, இதயத்தை கொஞ்சம் வேகமா ஓட்டி ஒரு சில செகண்டுல சமாளிச்சுரும். உங்க உடம்புக்கு அந்த இறுக்குற வேலையை டாம்சுலோசின் கொஞ்சம் தடுக்குது, ஏன்னா அது புராஸ்டேட் பக்கத்து தசையை தளர்த்துற மாதிரியே ரத்தக் குழாயையும் கொஞ்சம் தளர்த்தும், அதுவும் ஆரம்பிச்ச புதுசுல இது ஜாஸ்தி, நீங்க ஆரம்பிச்சு ஒரு மாசத்துலதான் இது நடந்திருக்கு. அம்லோடிபினும் குழாயை விரிக்கிற மாத்திரைதான். ஹைட்ரோகுளோரோதையசைடு உப்பையும் தண்ணியையும் வெளிய தள்ளுற மாத்திரை, அதை விடியக்காலை போட்டுட்டு காட்டுக்குப் போறீங்க, குளிர்ல இருந்தாலே யூரின் அதிகமா வரும், அது தொந்தரவுன்னு நிறைய பேரு தண்ணியே குடிக்காம ஒரு காபியோட போவாங்க, நீங்களும் அப்படித்தான் செஞ்சிருப்பீங்கன்னு நினைக்கிறேன். அதுக்கு மேல மூணு மணி நேரம் முட்டி மடங்கி அசையாத காலு, நரம்பு சுருட்டல்ல வால்வு சரியா மூடாத ரத்தக் குழாய். இவ்வளவும் சேர்ந்திருக்கும்போது மானைப் பாத்த பதட்டத்துல ஒரே மூச்சுல எந்திரிச்சா மூளைக்கு ரத்தம் போகாம கண்ணு இருட்டாம வேற என்ன ஆகும்.

அதனால உக்காந்திருந்ததும் தப்பில்ல, நின்னதும் தப்பில்ல. அசையாம கிடந்துட்டு திடீர்னு எந்திரிச்சதுதான் பிரச்சனை. உங்க நண்பர் சொல்றபடி ஆரம்பத்துலேர்ந்தே நின்னா இந்த திடீர் எந்திரிக்கிறது இருக்காது, அது உண்மை. ஆனா உங்க காலுக்கு அது சரிப்படாது. நிக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி விரிஞ்சு ரத்தத்தை மேல தள்ளணும், அதை ரெண்டாவது இதயம்னே சொல்லுவோம், காலை அசைச்சாத்தான் அது வேலை செய்யும். ரெண்டரை அடி அகலம்கூட இல்லாத ஒரு தட்டு மேல முட்டியை இறுக்கி சிலை மாதிரி நின்னா அது வேலை செய்யாது. பரேட் மைதானத்துல நல்ல திடமான சிப்பாய் கூட மயங்கி விழுறது இதனாலதான். அவன் விழுறது தரையில, நீங்க நிக்கிறது 18 அடியில.

ஹார்னஸ் இருக்கே, விழுந்தா அது பிடிச்சுக்கும்னு நினைக்காதீங்க. ஹார்னஸ் கண்டிப்பா வேணும், ஆனா அது சுயநினைவோட தவறி விழுறவங்களுக்கு நல்லா உதவும். அவங்க ஏணியை எட்டிப் பிடிப்பாங்க, இல்லன்னா பாக்கெட்ல இருக்குற வாரை வளையமாக்கி அதுல கால் வச்சு மிதிச்சுக்கிட்டு இருப்பாங்க, ரத்தம் ஓடிக்கிட்டு இருக்கும். மயங்கினவர் கயித்துல நிமிர்ந்த மேனிக்கு தொங்குனா ரத்தம் எல்லாம் காலுலயே தேங்கிடும், தரையில விழுந்திருந்தா படுத்த நிலையில தானா மூளைக்கு ரத்தம் திரும்பியிருக்கும், தொங்கும்போது அது நடக்காது, சில நிமிஷத்துலயே நிலைமை மோசமாகலாம். தனியா காட்டுல இருக்கீங்க, யார் வந்து இறக்குறது?

அதனால நான் நேராவே சொல்லிடுறேன், உங்களுக்கு வருத்தமா இருந்தாலும் பரவாயில்ல. உங்க டாக்டரைப் பாத்து பி.பி.யை சரியா சோதிச்சு முடிக்கிற வரைக்கும் மரத்துல ஏறாதீங்க. அக்டோபர் 1 ஆர்ச்சரி சீசன் ஆரம்பம், அதுக்குள்ள பாத்துடுங்க. சோதனை ரொம்ப சிம்பிள். அஞ்சு நிமிஷம் படுக்க வச்சு பி.பி. பாப்பாங்க, எந்திரிச்சு நின்ன ஒரு நிமிஷத்துல ஒண்ணு, மூணாவது நிமிஷத்துல ஒண்ணு. படுத்திருந்தப்ப வந்ததைவிட மேல இருக்குற நம்பர் 20, இல்லன்னா கீழ இருக்குற நம்பர் 10 இறங்கியிருந்தா, எந்திரிக்கும்போது பி.பி. ரொம்ப விழுதுன்னு அர்த்தம். இதை வீட்டு மெஷின்லயும் நீங்க பாக்கலாம், காலைல மாத்திரை போட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒரு தடவை பாருங்க, அந்த நேரம்தான் நீங்க மரத்துல இருக்குற நேரம். அந்த நம்பர்களை எழுதி டாக்டர்கிட்ட காமிங்க. மாத்திரை நேரத்தை மாத்தணுமா, வேற மாத்திரை குடுக்கணுமான்னு அவர் முடிவு பண்ணட்டும், வேட்டை நாள்ல மட்டும் நீங்களா பி.பி. மாத்திரையை விட்டுட்டுப் போறது வேண்டவே வேண்டாம், அதுல வேற ஆபத்து இருக்கு. ஈ.சி.ஜி. ஒண்ணும் கேட்டு எடுத்துடுங்க, கண்ணு இருட்டுறதுக்கு இதயத் துடிப்புக் கோளாறும் ஒரு காரணமா இருக்கலாம், 52 வயசுல அதை பாக்காம விடக்கூடாது. முன்னாடி எப்பவாவது நடக்கும்போது நெஞ்சு அடைச்சிருந்தா, முழுசா மயங்கி விழுந்திருந்தா அதை மறக்காம சொல்லுங்க.

இதயம்னதும் இன்னொண்ணு சொல்லணும். மிச்சிகன்லயே மான் வேட்டைக்குப் போற 25 ஆம்பளைங்களை ஆராய்ச்சியாளர்கள் இதயத் துடிப்பு மானிட்டர் மாட்டி அனுப்பிப் பாத்திருக்காங்க, அதுல 10 பேருக்கு ட்ரெட்மில் டெஸ்ட்ல வந்த உச்ச துடிப்பைவிடவும் காட்டுல அதிகமா போயிருக்கு, நடக்கும்போதும், மானைப் பாக்கும்போதும், இழுத்துட்டு வரும்போதும். அடிபட்ட மானை தனியா இழுக்காதீங்க, நண்பருக்கு ஃபோன் பண்ணி வரச்சொல்லுங்க, இல்லன்னா மானை வச்சு இழுக்க ஒரு ஸ்லெட் (சறுக்குப் பலகை) வச்சுக்கோங்க.

டாக்டர் சரின்னு சொல்லிட்டாருன்னா அப்புறம் எப்படி இருக்கணும்னு சொல்றேன். அடிப்படையா உக்காந்திருங்க, கால்மணி, அரைமணிக்கு ஒரு தடவை மெதுவா எந்திரிங்க. சீட்டு உயரம் முட்டியைவிட இடுப்பு கொஞ்சம் மேல இருக்குற மாதிரி இருக்கட்டும், சீட்டோட முன் விளிம்பு தொடைக்குப் பின்னாடி அழுத்துனா காலு மரத்துப்போகும், மரத்துப்போன காலை ஊணி எந்திரிக்கிறது மயக்கத்தைவிட கம்மியான ஆபத்து இல்ல, அதனால கெட்டியான குஷன் போட்டு பாதம் முழுசா தட்டுல படியுற மாதிரி பாத்துக்கோங்க. உக்காந்திருக்கும்போதே பூட்ஸுக்குள்ள விரலை ஆட்டுறது, குதிகாலை மட்டும் மெல்ல தூக்கி இறக்குறது, தொடையையும் புட்டத்தையும் இறுக்கி விடுறது, இதெல்லாம் ஒரு மானுக்கும் தெரியாது, உங்க ரத்தம் மட்டும் ஓடும்.

எந்திரிக்கிறதுதான் முக்கியம். முதல்ல சுத்தி ஒரு தடவை கண்ணாலயே பாத்துக்கோங்க. மானுக்கு கண்ணு பக்கவாட்டுல இருக்கறதால ரொம்ப அகலமா பாக்கும், அசைவைத்தான் சட்டுனு கண்டுபிடிக்கும், நீங்க நிக்கிறீங்களா உக்காந்திருக்கீங்களாங்கறது அதுக்கு அவ்வளவு பெருசில்ல. ஒண்ணும் இல்லன்னா குதிகாலை ஒரு 20 தடவை ஆட்டுங்க, ரெண்டு கையையும் தொடையில ஊணி முன்னாடி சாஞ்சு மெல்ல எந்திரிங்க, முதுகை மரத்துல சாச்சுக்கோங்க, முட்டியை லேசா மடக்கியே வச்சுக்கோங்க. வில்லை உடனே தொடாதீங்க, அது கொக்கியில தொங்கட்டும், மனசுக்குள்ள அறுபது எண்ணுங்க. தலை லேசா கிறுகிறுன்னு இருந்தாக்கூட உக்காந்துருங்க, மான் அடுத்த வாரம் வரும்.

விடியற நேரமும் பொழுது சாயுற கடைசி ஒரு மணி நேரமும்தான் மான் அதிகமா நடமாடும்னு உங்களுக்கே தெரியும், சூரியன் உதிக்கிறதுக்கு அரைமணி முன்னாடிலேர்ந்து மறைஞ்சு அரைமணி வரைக்கும்தான் எய்யவும் அனுமதி. அந்த நேரம் வர்றதுக்கு முன்னாடியே மேல சொன்ன மாதிரி எந்திரிச்சு நின்னுக்கோங்க, இருபது நிமிஷம் நின்னு, பத்து நிமிஷம் உக்காருங்க. அப்ப மான் வரும்போது நீங்க ஏற்கனவே நின்னுக்கிட்டு இருப்பீங்க. நின்னு எய்யுறதுல பலன் இருக்குங்கறதுல உங்க நண்பர் சொல்றது சரிதான், வில்லோட கீழ்ப்பகுதி தொடையிலயோ சீட்டுலயோ இடிக்காது, இடுப்புலேர்ந்து குனிஞ்சு கீழ குறி வைக்கலாம், ரெண்டு பக்கமும் திரும்பலாம். ஆனா உக்காந்துக்கிட்டும் நல்லா எய்யலாம், கத்துக்கணும், அவ்வளவுதான். நீங்க வலது கைக்காரர்னா இடது தோள் பக்கம் மான் வர்ற தடம் இருக்குற மாதிரி ஸ்டாண்டை மாட்டுங்க. இப்பவே வீட்டுக் கொல்லையில ஸ்டூல் போட்டு, அந்த தடிச்ச குளிர் ஜாக்கெட்டையும் போட்டுக்கிட்டு தினமும் பத்து அம்பு விடுங்க. குளிர்ல மூணு மணி நேரம் உக்காந்த தோளு இழுக்க 65, 70 பவுண்டு பலம் வேண்டியிருக்குற வில்லை ஒரே இழுப்புல இழுத்தா தோள் தசைநார் கிழிஞ்சுபோகலாம், அப்படி வந்தவங்களை நான் நிறைய பாத்திருக்கேன். வில்லை ஆகாசத்தைப் பாத்து தூக்காம நேரா பிடிச்சு மெதுவா இழுக்க முடியுற அளவுக்கு பவுண்டைக் குறைங்க. இப்ப வர்ற காம்பவுண்டு வில்லுல (முனையில சக்கரம் வச்ச வில்லு) முழுசா இழுத்தப்புறம் பிடிச்சிருக்குற எடை பொதுவா 80 சதவீதம் குறைஞ்சுடுது, 60 பவுண்டு வில்லுக்கு 12 பவுண்டுதான் கையில நிக்கும், கஷ்டம் எல்லாம் இழுக்கும்போதுதான்.

கூச்சமா இருந்தாலும் ஒண்ணு சொல்லிடுறேன். மேலேர்ந்து நின்னுக்கிட்டு யூரின் போகாதீங்க. ஆம்பளைங்க நின்னுக்கிட்டு யூரின் போகும்போதே மயங்கி விழுறது உண்டு, உங்க வயசுல, உங்க மாத்திரையில அது இன்னும் சுலபமா நடக்கும். வாய் அகலமான பாட்டில் ஒண்ணு எடுத்துட்டுப் போய் உக்காந்துக்கிட்டே போங்க. அந்த பயம் போயிட்டா தண்ணியும் தாராளமா குடிப்பீங்க, வீட்டுலேர்ந்து கிளம்புறதுக்கு முன்னாடி ரெண்டு டம்ளர், மேல மணிக்கு கொஞ்சம் கொஞ்சமா. சளிக்குன்னு தூக்கம் வர்ற மாத்திரை போட்ட அன்னைக்கு ஏறவே ஏறாதீங்க.

காலுக்கு முட்டி வரைக்கும் வர்ற கம்ப்ரெஷன் ஸ்டாக்கிங் நல்லது, 15-20 mmHg அழுத்தம் போதும், ஆனா பாதத்துல ரத்த ஓட்டம் நல்லா இருக்கான்னு டாக்டர் தொட்டுப் பாத்துட்டு போடுங்க. அது மேல கம்பளி சாக்ஸ், பூட்ஸ் இறுக்கமா இருக்கக்கூடாது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிச்சா, அது நரம்பு சுருட்டல்தான்னு விட்டுறாதீங்க, ரத்தம் உறைஞ்சிருக்கலாம், அன்னைக்கே காமிங்க.

ஹார்னஸை தரையிலேயே மாட்டிக்கிட்டு, ஏற ஆரம்பிக்கும்போதே லைஃப்லைன் கயித்துல (மரத்து மேலேர்ந்து தரை வரைக்கும் கட்டியிருக்குற பாதுகாப்புக் கயிறு) கொக்கியைப் போட்டுடுங்க, நிறைய பேரு விழுறது ஏறும்போதும் இறங்கும்போதும், ஏணியிலேர்ந்து தட்டுக்கு கால் மாத்தும்போதும்தான். மேல போனதும் மரத்துல கட்டுற பட்டை தலைக்கு மேல இருக்கணும், நீங்க உக்காந்திருக்கும்போது கயிறு தொங்காம விறைப்பா இருக்கணும். வில்லை கையில வச்சுக்கிட்டு ஏறாதீங்க, கயித்துல கட்டி அப்புறம் இழுத்துக்கோங்க.

டாக்டர் இந்த வருஷம் வேண்டாம்னு சொல்லிட்டா, தரையில கிரவுண்ட் பிளைண்ட்ங்கற மறைவுக் கூடாரம் போட்டு நாற்காலியில உக்காந்து எய்யுங்க. அங்க கண்ணு இருட்டுனா புல்லுமேல உக்காந்துக்கலாம். தோளும் சரியில்லன்னா நீங்க இருக்குற லோயர் பெனின்சுலாவுல (மிச்சிகனோட தெற்குப் பகுதி) ஆர்ச்சரி சீசன்ல கிராஸ்போவுக்கும் (துப்பாக்கி மாதிரி விசையை இழுத்து எய்யுற வில்லு) அனுமதி இருக்கு, அதை ஒரு தாங்கு கம்பில வச்சு உக்காந்தபடியே எய்யலாம்.

எங்க போனாலும் எந்த மரம், எத்தனை மணிக்கு இறங்குவீங்கன்னு வீட்டுல எழுதி வச்சுட்டுப் போங்க, ஃபோன் பேக்ல இல்லாம நெஞ்சுப் பாக்கெட்ல இருக்கட்டும். பி.பி. நம்பர் எல்லாம் எடுத்தப்புறம் எனக்கும் ஒரு தடவை எழுதுங்க, நான் பாக்குறேன்.