மணி சும்மா அடிக்கிறது என்பதற்காகப் பெட்டியையே மாற்ற வேண்டுமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு கோயில் மண்டபத்தின் செயலாளர் எழுதியிருக்கிறார். கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

"எங்கள் கல்யாண மண்டபம் இரண்டு மாடி. தீ எச்சரிக்கை மணி 2007இல் பொருத்தியது, 4 சோன் பேனல் (கட்டடத்தை நான்கு பகுதியாகப் பிரித்துக் கண்காணிக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி). கல்யாணத்தில் ஓமம் வளர்த்தால் அடிக்கிறது, சமையலறையில் தாளித்தால் அடிக்கிறது. பேனலில் மஞ்சள் விளக்கு இரண்டு வருடமாக எரிந்துகொண்டே இருக்கிறது. ஈப்போவிலிருந்து வந்த குத்தகையாளர், 'எல்லாமே பழைய மாடல், முழுக்க அட்ரசபிளாக (எந்த இடத்துக் கருவி அடித்தது என்று தனித்தனியாகக் காட்டும் முறை) மாற்றிவிடலாம்' என்று 28,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். நிர்வாகத்தில் பாதிப் பேர் சரி என்கிறார்கள். மீதிப் பேர் பேட்டரியை மட்டும் மாற்றினால் போதும் என்கிறார்கள். என்ன செய்வது?"

ஐயா, இரண்டு பக்கமும் வியாதி என்னவென்று பார்க்காமலே மருந்து சொல்கிறது. உங்களிடம் இருப்பது ஒரு கோளாறு அல்ல, இரண்டு. மணி தேவையில்லாமல் அடிப்பது ஒன்று. மஞ்சள் விளக்கு எரிவது இன்னொன்று. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லாமலே இருக்கலாம். எனக்குப் பயம் தருவது இரண்டாவதுதான். சும்மா அடிக்கும் மணியாவது உயிரோடு இருக்கிறது. மஞ்சள் விளக்கு எரிகிற பேனலில் ஏதோ ஒரு பகுதி செத்துக் கிடக்கிறது, அது எந்தப் பகுதி என்று யாரும் பார்க்கவில்லை.

சாதாரண சோன் பேனல் வேலை செய்யும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்து புரிந்துவிடும். ஒவ்வொரு சோனுக்கும் பேனலிலிருந்து இரண்டு வயர் கிளம்பும், அதில் 24 வோல்ட். புகையையோ சூட்டையோ உணரும் டிடெக்டர், கண்ணாடி உடைக்கும் சிவப்புப் பெட்டி எல்லாம் அந்த இரண்டு வயரில் வரிசையாகத் தொங்கும். வரிசையின் கடைசியில் ஒரு சின்ன ரெசிஸ்டர் (மின்தடை) இருக்கும். 4.7 கிலோ ஓம், 6.8, 10 என்று பேனலுக்குப் பேனல் அளவு மாறும். அந்த ரெசிஸ்டர் வழியாக எப்போதும் கொஞ்சம் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும். அது ஓடினால், "வயர் கடைசி வரை நன்றாக இருக்கிறது" என்று பேனல் எடுத்துக்கொள்ளும். ஓட்டம் நின்றால் மஞ்சள் விளக்கு. டிடெக்டர் புகையைக் கண்டு கரண்ட்டைக் கூடுதலாக இழுத்தால் மணி.

ஆகவே ரெசிஸ்டர் கடைசியில்தான் இருக்க வேண்டும். ஒரு முறை வேறு ஊரில் ஒரு மாணவர் விடுதிக்குப் போயிருந்தேன். பேனலில் எல்லாம் பச்சை, ஒரு கோளாறும் காட்டவில்லை. மேல்மாடியில் டிடெக்டர் ஒன்றைக் கழற்றினேன். பேனல் அசையவில்லை. இன்னொன்றைக் கழற்றினேன், அப்போதும் பச்சை. பேனல் மூடியைத் திறந்து பார்த்தால், 3ஆம் சோனின் வயர் இரண்டும் டேப் சுற்றி ஓரமாகத் தொங்கின. ரெசிஸ்டரைப் பேனலின் டெர்மினலிலேயே முறுக்கி வைத்திருந்தார்கள். யாரோ மஞ்சள் விளக்கை அணைத்துக் கொடுத்துவிட்டு பில் வாங்கிப் போயிருக்கிறார்கள். பிள்ளைகள் தூங்கும் மாடி முழுவதும் எத்தனை நாளாக மணியே இல்லாமல் இருந்ததோ!

அதனால் கொட்டேஷனைத் தள்ளி வையுங்கள். முதலில் ஒரு ஏணியும், மண்டபத்து இளைஞர்கள் இருவரும் போதும். ஒருவர் பேனல் பக்கம் நிற்கட்டும். மற்றவர் ஒவ்வொரு சோனிலும் ஒரு டிடெக்டரைத் திருகிக் கழற்றட்டும். அடிப்பாகம் கூரையிலேயே இருக்கும், தலை மட்டும் கையோடு வரும். கழற்றியதும் அந்த சோனுக்குக் கோளாறு விளக்கு எரிய வேண்டும். எரியாத சோனைக் குறித்துக்கொள்ளுங்கள். கழற்றும்போதே, தலைக்கு மேல் ஆரஞ்சு அல்லது சிவப்பு நிறத்தில் பிளாஸ்டிக் மூடி மாட்டியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பெயிண்ட் அடிக்கும்போது தூசி போகாமலிருக்க மாட்டுவார்கள், எடுக்க மறந்துவிடுவார்கள். மூடி போட்ட டிடெக்டர் கீழே பந்தலே எரிந்தாலும் வாய் திறக்காது.

அடுத்தது பேட்டரி. பேனலுக்குள் 12 வோல்ட் பேட்டரி இரண்டு, தொடராக இணைத்து 24 ஆக்கியிருப்பார்கள். சீல் செய்த ஈய அமில வகை. ஆயுள் 3 முதல் 5 வருடம். அதுவும் குளுமையான அறையில். வெப்பம் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். உங்கள் ஊர் வெயிலில், காற்றோட்டமில்லாத ஸ்டோர் அறைச் சுவரில் தொங்கும் பெட்டிக்குள் 5 வருடத்தை எதிர்பார்க்காதீர்கள். வயிறு உப்பியிருந்தால் கேள்வியே வேண்டாம், மாற்றுங்கள். உப்பாவிட்டாலும் ஒரு சோதனை செய்யுங்கள்: மெயின் சுவிட்சை அணைத்து, மணியை அடிக்க விட்டு, மீட்டர் வைத்துப் பாருங்கள். சில நிமிடத்திலேயே 24 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் அது பேருக்குத்தான் பேட்டரி.

எத்தனை ஆம்பியர்-ஹவர் (பேட்டரியின் கொள்ளளவு) வேண்டும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. கரண்ட் போனால் 24 மணி நேரம் சும்மா காத்திருந்து, அதற்குப் பிறகும் அரை மணி நேரம் மணி அடிக்கும் தெம்பு இருக்க வேண்டும். உங்களுடையதைப் போன்ற ஒரு சின்ன முறை காத்திருக்கும்போது 0.08 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 24 மணி நேரத்துக்கு 1.92. மணிகள் அடிக்கும்போது 0.33 என்றால் அரை மணிக்கு 0.17. கூட்டினால் 2.09. பேட்டரி பழசாகி வலு குறைவதை எண்ணி 1.25ஆல் பெருக்கினால் சுமார் 2.6. ஆக, கடையில் சுலபமாகக் கிடைக்கும் 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி தாராளம். ஒன்று நூறு வெள்ளிக்குள் வாங்கலாம். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். புதுசையும் பழசையும் ஜோடி போட்டால் பழசு புதுசையும் இழுத்துக்கொண்டு போகும். மாற்றிய தேதியை மார்க்கர் பேனாவால் பேட்டரி மேலேயே எழுதிவிடுங்கள்.

சரி, இப்போது சும்மா அடிக்கும் மணிக்கு வருவோம். 2007இல் மாட்டிய டிடெக்டர் தலைகள் இன்னும் அப்படியே இருந்தால், அவற்றின் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. பெரும்பாலான தயாரிப்பாளர்கள் 10 வருடத்தோடு மாற்றச் சொல்வார்கள். புகை டிடெக்டருக்குள் ஒரு சின்ன இருட்டறை இருக்கிறது. ஒரு பக்கம் கண்ணுக்குத் தெரியாத ஒளி விழும். புகை நுழைந்தால் அந்த ஒளி சிதறிப் பக்கத்தில் இருக்கும் கண்ணில் படும், உடனே மணி. ஆனால் அந்தக் கண்ணுக்குப் புகை, தூசி, எறும்பு, சாம்பிராணி எல்லாம் ஒன்றுதான். செம்பனைக்கு நடுவே, இரவெல்லாம் விளக்கு எரியும் மண்டபத்தில் பூச்சிக்குக் குறைவா? ஒரு மண்டபத்தில் மாதம் இரண்டு முறை விடியற்காலையில் மணி அடிக்கிறது என்று ஜாகாக்காரர் (காவலாளி) நடுங்கிக்கொண்டிருந்தார், பேய் என்று கூடச் சொல்லிவிட்டார். திறந்து பார்த்தால் உள்ளே பல்லி முட்டை இரண்டு.

தலையை மாற்றும்போது கவனம்: கடையில் கிடைக்கும் ஏதோ ஒன்று ஆகாது. தலை, அடிப்பாகம், பேனல் மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். திருகினால் உட்கார்ந்துவிடும், விளக்கும் சிமிட்டும், ஆனால் தீ வந்தால் பேனலுக்குச் சொல்லும் கரண்ட் அளவு வேறாக இருக்கும். பேனல் கையேட்டில் எந்தெந்தத் தலை பொருந்தும் என்று பட்டியல் இருக்கும், அதைக் கேட்டு வாங்குங்கள். பொருளுக்குப் போம்பாவின் (மலேசியத் தீயணைப்பு மீட்புத் துறை) ஏற்புச் சான்று இருக்கிறதா என்றும் பாருங்கள். இன்னொன்று: பழைய தலையில் மூன்று இதழ் கொண்ட கதிரியக்கக் குறி இருந்தால் அது அயனி வகை, உள்ளே துளி அமெரிசியம் இருக்கிறது. உடைக்காதீர்கள், குப்பையில் போடாதீர்கள். அது 1984ஆம் ஆண்டின் அணுசக்தி உரிமச் சட்டத்துக்குள் வரும் பொருள். முறையாகத் திருப்பி எடுத்துப்போவதைக் குத்தகையாளர் எழுத்தில் ஏற்கட்டும்.

சமையலறையில் புகை டிடெக்டர் வைத்ததே தப்பு. கடுகு வெடிக்கும் இடத்தில் அது என்ன செய்யும், பாவம். அங்கே குறிப்பிட்ட சூட்டுக்கு மட்டும் அடிக்கும் வெப்ப டிடெக்டர் வையுங்கள். சூடு மளமளவென்று ஏறினாலே அடிக்கும் வகையும் உண்டு. அடுப்பங்கரைக்கு அது வேண்டாம், அண்டா மூடியைத் திறந்தாலே ஆவியில் அடித்துவிடும்.

ஆனால் மேடைக்கும் அதே வைத்தியம் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் நிறுத்துங்கள். நம் ஆட்கள் பின்பற்றும் பிரிட்டிஷ் வழிமுறை பிஎஸ் 5839இன் கணக்குப்படி, ஒரு புகை டிடெக்டர் தன்னைச் சுற்றி 7.5 மீட்டர் தூரம் வரை பார்த்துக்கொள்ளும், வெப்ப டிடெக்டர் 5.3 மீட்டர் வரைதான். பரப்பில் சரிபாதி. அதாவது ஒன்றை எடுத்துவிட்டு அதே ஓட்டையில் மற்றதை மாட்டினால் நடுவில் காவலில்லாத இடம் விழும், எண்ணிக்கையை இரண்டு மடங்காக்க வேண்டும். கூரை உயரமும் இருக்கிறது: சாதாரண வெப்ப டிடெக்டருக்கு 7.5 மீட்டர்தான் எல்லை, நன்கு உணரும் வகைக்கு 9. உயரமான கூரையில் சூடு மேலே போய்ச் சேர்வதற்குள் மேடைத் திரை எரிந்து முடிந்திருக்கும். மேடைக்குப் புகை டிடெக்டரே இருக்கட்டும். புதுத் தலையாக இருந்தாலே ஓமப் புகைக்கு அடிப்பது குறையலாம். ஓமத்துக்கு நேர் மேலே இருந்தால் சில மீட்டர் தள்ளி மாட்டலாம், அந்தத் தூரக் கணக்கு கெடாமல். அப்படியும் அடித்தால், முகூர்த்த நேரத்துக்கு அந்த ஒரு சோனை மட்டும் முடக்கி, ஒருவரைத் தீயணைப்பானோடு பக்கத்தில் நிறுத்தி, நேரத்தைப் பதிவேட்டில் எழுதி, தாலி கட்டியதும் திரும்பப் போட்டுவிடுங்கள். எழுதாவிட்டால் அடுத்த கல்யாணம் வரை அது முடங்கியேதான் கிடக்கும்.

மணிச் சத்தத்தைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒன்றுமில்லை, ஆனால் கேட்க வேண்டியது அதுதான். சாதாரணமாக 65 டெசிபெல், அல்லது சுற்றியுள்ள இரைச்சலைவிட 5 டெசிபெல் கூடுதல். கெட்டிமேளமும் நாலு ஸ்பீக்கரும் முழங்கும்போது 2007ஆம் ஆண்டு மணி யாருக்குக் கேட்கும்? பேனலிலிருந்து ஒரு ரிலே (தானாக இயங்கும் சுவிட்ச்) வைத்து, எச்சரிக்கை வந்ததும் ஒலிபெருக்கியின் கரண்ட் அறுந்துபோகும்படி செய்யச் சொல்லுங்கள். செலவு கொஞ்சம்தான். கூடவே மின்னும் விளக்கு இரண்டு. மேம்படுத்துவது என்றால் நான் முதல் காசை இங்கேதான் போடுவேன்.

இனி பேனல். அட்ரசபிள் முறை நல்ல முறைதான். எந்த டிடெக்டர் அடித்தது என்று பெயரோடு காட்டும். ஐந்து மாடி மருத்துவமனையில் அது உயிர் காக்கும். ஆனால் 4 சோன் கொண்ட உங்கள் மண்டபத்தில் பேனல் முன்னால் நின்று தலையைத் திருப்பினால் பாதி இடம் தெரியும். மேலும் அந்த முறையில் வயர் கிளம்பிய இடத்துக்கே வளையமாகத் திரும்பி வர வேண்டும், கொட்டேஷனில் அது அடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். என் கருத்து: இப்போதைய பேனலுக்கு உதிரி போர்டு கிடைக்கிறது என்றால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். கிடைக்கவில்லை என்றால் புது சோன் பேனல் போதும், அடுத்த கட்டடம் கட்டும் எண்ணம் இருந்தால் மட்டும் அட்ரசபிள் பற்றிப் பேசலாம்.

பழைய வயரை வைத்துக்கொள்ளலாமா என்பதை மெகர் (வயரின் காப்புறையைச் சோதிக்கும் கருவி) போட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அதற்கு முன் எல்லா டிடெக்டரையும் கழற்றி, பேனலிலிருந்தும் வயரைப் பிரித்துவிட வேண்டும். 500 வோல்ட் உள்ளே போனால் நல்ல தலையும் சாகும். மணிக்குப் போகும் வயர் தீயைத் தாங்கும் வகையாக இருக்க வேண்டும். சாதாரண வயராக இருந்தால் தயங்காமல் மாற்றுங்கள். சமையலறை தனிக் கட்டடமாக இருந்து, வயர் வெளியே தலைக்கு மேலே ஓடினால், சாயங்கால இடி பேனல் போர்டைத் தின்பது அந்த வழியாகத்தான். அந்த வயரை நிலத்தடிக் குழாயில் இறக்கி, மெயினில் இடி தாங்கி ஒன்று போட்டு, எர்த்தையும் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

குத்தகையாளரிடம் மூன்று தனி விலை கேளுங்கள்: பேட்டரியும் தலைகளும், வயரும் மணியும், பேனல். மொத்தமாக ஒரே எண் கொடுப்பவரிடம் பேரம் பேச வழியில்லை. அவர் போம்பாவில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். உங்கள் மண்டபம் 1988ஆம் ஆண்டுத் தீயணைப்புச் சேவைச் சட்டத்தின் கீழ் ஆண்டுதோறும் போம்பா சான்றிதழ் புதுப்பிக்க வேண்டிய வகையா என்பதையும் நிலையத்தில் கேட்டுவிடுங்கள். அப்படியானால் டிடெக்டர் இடம் மாற்றுவதற்கு முன்பே அவர்களிடம் சொல்ல வேண்டும்.

வேலை முடித்து ஒப்படைக்கும் நாளில், கடைசிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன், அதே இரண்டு இளைஞர்களையும் ஏணியையும் கூப்பிடுங்கள். ஒவ்வொரு சோனிலும் பேனலுக்கு மிகத் தூரத்தில் இருக்கும் தலையைக் கழற்றச் சொல்லுங்கள், மஞ்சள் எரிகிறதா என்று நீங்களே பேனல் முன்னால் நின்று பாருங்கள். அப்புறம் மெயினை அணைத்து, பேட்டரியிலேயே மணியை அடிக்க விட்டு, மேல்மாடிச் சாப்பாட்டுக் கூடத்தின் மூலையில் போய் நின்று கேளுங்கள்.