மார்ச் மாதம் கோடியக்கரை போனால் பறவை இருக்குமா?

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "மார்ச் இரண்டாம் வாரம் சனி, ஞாயிறு கோடியக்கரை போகலாம் என்று இருக்கிறோம். பொங்கலோடு பறவை சீசன் முடிந்துவிட்டது என்று சிலர் சொல்கிறார்கள். உண்மையா? பிள்ளைகளுக்கு 9, 12 வயது. மாமனாருக்கு 70. போன தடவை மதியம் காரில் போய் ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு, குரங்கை மட்டும் பார்த்துத் திரும்பினோம். இந்த முறை பைனாகுலர் வாங்க வேண்டுமா? எதை, எப்போது பார்க்க வேண்டும்?"

தாராளமாகப் போங்கள். சீசன் முடியவில்லை. குளிர்காலத்துக்கு இங்கே வரும் வலசைப் பறவைகளில் பெரும்பகுதி மார்ச்சில்தான் கிளம்ப ஆயத்தமாகிறது. கூட்டத்தின் அளவுதான் முக்கியம் என்றால் டிசம்பர், ஜனவரி நல்லது. ஆனால் எனக்குக் கோடியக்கரையில் பிடித்த மாதம் எது என்று கேட்டால் மார்ச் என்றுதான் சொல்வேன். நம் கணக்குப்படி மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம், வசந்தம் இன்னும் பிறக்கவில்லை. ஆனால் வடதுருவத்துப் பக்கம் கூடு கட்டப் போகும் இந்தப் பறவைகளின் உடம்பில் வசந்தம் அதற்குள் தொடங்கிவிடுகிறது.

உள்ளான்களைப் பாருங்கள், புரியும். சேற்றோரத்தில் குடுகுடுவென்று ஓடி அலகால் குத்திக்கொண்டே இருக்கும் சின்னப் பறவைகளை நம் ஊரில் பொதுவாக உள்ளான் என்பார்கள். அக்டோபரில் பார்த்தால் பெரும்பாலும் மேலே சாம்பல், கீழே வெள்ளை. பழகியவர்களுக்கே இனம் பிரிப்பது கஷ்டம். மார்ச்சில் இறகு மாறத் தொடங்கும். கீழ்நோக்கி வளைந்த நீண்ட அலகு கொண்ட உள்ளான் ஒன்று உண்டு. சைபீரியாவின் வடகோடியில், மரமே முளைக்காத பனிவெளியில் முட்டையிடுகிற இனம். மார்ச் நடுவில் அதன் வெள்ளை வயிற்றில் அங்கங்கே செங்கல் பொடியைத் தூவியதுபோல் சிவப்புத் திட்டுகள் தெரியும். பக்கத்தில் நிற்கும் பறவைக்குத் திட்டு அதிகமாக இருக்கும், அடுத்ததற்கு இன்னும் ஒன்றுமே இருக்காது. உப்புக்கொத்தி எனும் சின்னக் கரைப்பறவைகளில் சிலவற்றுக்கு நெஞ்சில் காவி நிறப் பட்டை ஏறும். யாருக்கு எவ்வளவு சிவந்திருக்கிறது என்று பார்க்கச் சொன்னால் உங்கள் 9 வயதுப் பிள்ளை அரை மணி நேரம் அந்த இடத்தை விட்டு நகராது.

இன்னொரு வசதியும் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் நிரம்பிய வேதாரண்யம் சதுப்பு நிலம் இந்நேரம் வற்றிக்கொண்டிருக்கும். பரந்து கிடந்த பறவைகள், தண்ணீர் மிச்சமிருக்கும் இடங்களிலும் உப்பளங்களுக்கு நீர் தேக்கும் பரப்புகளிலும் நெருங்கி நிற்கும். பூநாரையும் (ஃபிளமிங்கோ) அப்படித்தான். இருந்தால் நூற்றுக்கணக்கில் இருக்கும், தண்ணீர் ஒத்துவராவிட்டால் அன்று ஒன்றுகூட இருக்காது. அதனால் பிள்ளைகளிடம் பூநாரையைக் காட்டுவதாக வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். கிடைத்தால் அது சாப்பிடுவதைக் கவனிக்கச் சொல்லுங்கள். காலால் சேற்றை மிதித்துக் கலக்கிவிட்டு, தலையைத் தலைகீழாகத் தொங்கவிட்டு அலகால் தண்ணீரைச் சலிக்கும். உப்புநீரில் உள்ள சின்ன இறால் வகைகளும் பாசியும்தான் அதற்கு உணவு, அந்த இளஞ்சிவப்பும் அதிலிருந்து வருவதுதான். நடுவில் அழுக்கு வெள்ளையாகவும் சாம்பலாகவும் நிற்பவை வேறு இனமோ என்று குழம்ப வேண்டாம். நிறம் ஏறாத இளசுகள் அவை.

இதையெல்லாம் விட முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். தயவுசெய்து பறவைகளைக் கிளப்பிவிடாதீர்கள். கூட்டமாக எழும்பிப் பறந்தால் வீடியோவுக்கு நன்றாக இருக்கிறது என்று கை தட்டுகிறவர்களை, கரையோரமாகவே வண்டியை ஓட்டிப்போகிறவர்களை ஒவ்வொரு ஆண்டும் பார்க்கிறேன். மனசு பதறுகிறது. மார்ச்சில் இந்தப் பறவைகளுக்கு ஒரே வேலை, தின்று கொழுப்புச் சேர்ப்பது. பல ஆயிரம் கிலோமீட்டர் பயணத்துக்கு அந்தக் கொழுப்புதான் பெட்ரோல். சில இனங்களில் உடல் எடை பாதிக்கும் மேல் கூடிவிடும். கொசு உள்ளானின் மொத்த எடையே 25 கிராம் அளவுதான். ஒவ்வொரு முறை பயந்து பறக்கும்போதும் சேர்த்ததில் ஒரு பங்கு கரைகிறது, தின்னும் நேரமும் போகிறது. கிட்டே போகாமல் எப்படிப் பார்ப்பது என்று கேட்பீர்கள். ஓரிடத்தில் உட்காருங்கள். பேச்சைக் குறைத்து இருபது நிமிடம் அசையாமல் இருந்தால், உங்களை விட்டு விலகிப்போன உள்ளான்கள் மேய்ந்துகொண்டே தாமாகத் திரும்பி வரும். பறவைகள் மேய்வதை நிறுத்தித் தலையைத் தூக்கிப் பார்க்கத் தொடங்கினால் நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். அங்கேயே நில்லுங்கள், அல்லது இரண்டடி பின்னால் வாருங்கள்.

போன தடவை நீங்கள் ஏமாந்ததற்குக் காரணம் மதிய நேரம்தான். இந்த முறை சனிக்கிழமை மாலையை மானுக்கும் ஞாயிறு காலையைப் பறவைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். சதுப்பு நிலமும் உப்பளங்களும் பெரும்பாலும் வேதாரண்யம்–கோடியக்கரை சாலைக்கு மேற்கே இருக்கின்றன. காலையில் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும், பறவையின் ஒவ்வொரு நிறமும் தெளிவாகத் தெரியும். மாலையில் அதே இடத்தில் நின்றால் வெயில் கண்ணைக் கூசும், எல்லாம் கறுப்பு நிழலாகத்தான் தெரியும்.

சனிக்கிழமை மூன்றரை மணிக்குக் கோடியக்கரை வன உயிரினச் சரணாலயத்துக்குள் போய்விடுங்கள். 1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டதே வெளிமானுக்காகத்தான். இன்றும் தமிழ்நாட்டில் அதைப் பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. புல்வெளிக்குப் போகும் பாதையில் வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள், உள்ளேயிருந்தே பாருங்கள். மான்கள் வண்டிக்குப் பழகியிருக்கும், மனிதன் இறங்கியதும் ஓடும். முதுகு கறுத்து, வயிறு வெளுத்து, முறுக்குக் கொம்போடு நிற்பது முதிர்ந்த ஆண். பழுப்பாக, கொம்பில்லாமல் இருப்பவை பெண்கள். மார்ச் அவற்றின் இணைசேரும் பருவம் சூடுபிடிக்கும் நேரம். ஆண் மான் மூக்கை வானத்துக்குத் தூக்கி, கொம்பை முதுகோடு சாய்த்து, வாலைச் சுருட்டிக்கொண்டு பெண் மானைச் சுற்றி நடக்கும். கண்ணுக்கு முன்னால் உள்ள சுரப்பியைப் புல் நுனியில் ஒற்றித் தன் எல்லைக்கு அடையாளமும் வைக்கும். இது பைனாகுலரில் அருமையாகத் தெரியும். அதே வெளியில் மட்டக்குதிரைகளும் மேயும். அவை காட்டு விலங்குகள் இல்லை, எப்போதோ ஊர்க்காரர்கள் வளர்த்தவற்றின் வழிவந்தவை. மானுக்கு வேண்டிய புல்லைத்தான் அவையும் தின்கின்றன.

காட்டின் ஓரத்தில் பெரிய மரங்கள் சாய்ந்தும் முறிந்தும் கிடப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் கேட்டால் சொல்லுங்கள், 2018 நவம்பர் 16 அதிகாலை கரையேறிய கஜா புயலின் வேலை அது. பாலை மரங்கள் நிறைந்த, ஆண்டு முழுவதும் பசுமை மாறாத இந்த உலர் காடு மெல்லத் தளிர்த்துவருகிறது. குரங்குகளுக்குத் தின்பண்டம் எதுவும் போட வேண்டாம். பிஸ்கட் பாக்கெட்டை வெளியில் தெரியும்படிகூட வைக்காதீர்கள்.

ஞாயிறு காலை ஐந்தரைக்கு வேதாரண்யத்திலிருந்து கிளம்பினால் விடியும்போது சதுப்பு நில ஓரத்தில் இருப்பீர்கள். ஒன்பதரை வரை பாருங்கள், அதற்கு மேல் கானல் அலையும், தூரத்துப் பறவை கலங்கலாகத் தெரியும். உப்பளங்கள் பல தனியார் இடம். ஜனவரியிலிருந்து உப்பு எடுக்கும் வேலை நடப்பதால் ஆட்கள் இருப்பார்கள். வரப்பில் ஏறும் முன் அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள், பாத்தியில் கால் வைக்காதீர்கள். சேற்றுப் பரப்பிலும் இறங்க வேண்டாம். மேலே காய்ந்த தோல்போல இருக்கும், கால் வைத்தால் முழங்கால் வரை போகும்.

பைனாகுலர் கட்டாயம் வேண்டும், ஆனால் வாங்கியே ஆக வேண்டும் என்பதில்லை. பழக்கமான பறவை ஆர்வலர் யாரிடமாவது இரவல் வாங்குங்கள். வாங்குவதானால் எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 8×42 போதும். பத்து மடங்கு என்று ஆசைப்பட்டால் பிள்ளைகளின் கையில் படம் ஆடும். கண்ணாடி போட்டவர்கள் கண் பக்கத்து ரப்பர் வளையத்தை மடித்துவிட்டுப் பார்க்க வேண்டும். மாமனாருக்கு மடக்கு நாற்காலி ஒன்று எடுத்துப்போங்கள். மணலில் நீண்ட தூரம் நடக்கத் தேவையே இல்லை, சாலையோரமே போதும். தொப்பி, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், காலைச் சாப்பாடு கையில் இருக்கட்டும். கோடியக்கரையில் டீக்கடைகள்தான். பளிச்சென்ற சிவப்பு, வெள்ளைச் சட்டை வேண்டாம்.

தங்குவதற்கு வேதாரண்யத்தில் விடுதிகள் உண்டு. கோடியக்கரையில் வனத்துறையின் பூநாரை இல்லமும் இருக்கிறது, அதற்கு நாகப்பட்டினம் வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும். கார் வேண்டாம் என்றால் திருத்துறைப்பூண்டியிலிருந்து அகத்தியான்பள்ளிக்கு 2023 முதல் மறுபடி ரயில் ஓடுகிறது. மதிய வெயிலில் சும்மா உட்கார வேண்டாம். அகத்தியான்பள்ளியில் உப்புச் சத்தியாகிரக நினைவுத்தூணைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பள்ளிய இடம் அது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துவிடுகிறேன். மார்ச் என்பது ஆமை மாதம். பங்குனி ஆமை என்றும் சிற்றாமை என்றும் சொல்லும் கடலாமைகள் ஜனவரி முதல் இந்தக் கரையில் முட்டையிடுகின்றன. ஒரு குழியில் நூறு முட்டை அளவுக்கு இருக்கும். நாயும் நரியும் தோண்டிவிடாமலிருக்க வனத்துறையினர் அவற்றை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்துக் காக்கிறார்கள். 45 முதல் 60 நாளில் குஞ்சு வரும். சனிக்கிழமை உள்ளே போகும்போதே வனத்துறை அலுவலகத்தில், மறுநாள் கடலில் விடுவதற்குக் குஞ்சுகள் இருக்குமா, பார்க்க அனுமதிப்பார்களா என்று கேட்டு வையுங்கள். அனுமதி கிடைத்தால் டார்ச்சும் போன் வெளிச்சமும் அணைந்திருக்கட்டும். வெளிச்சம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் கடல் என்று நம்பித்தான் குஞ்சுகள் ஓடும். கையில் எடுத்துப் போட்டோ பிடிக்க வேண்டாம். மணலில் தானாக நடந்து போகட்டும்.